புற்றணுவின் பசியும் உடலின் பசியும்

புற்றுநோய்க்கு ஆட்பட்டவரின் இல்லத்தில், மருந்துக்கு அடுத்தபடியாக மிகுதியும் பேசப்படுவது உணவைப் பற்றியே. ‘சர்க்கரையை நிறுத்துங்கள், நோய் பட்டினியால் மடியும்’ என்று நலம் நாடி வருவோர் சொல்லிச் செல்கின்றனர். இக்கூற்றில் ஓர் உண்மை உண்டு. அதனோடு பெரும் பிழையொன்றும் கலந்துள்ளது. இரண்டையும் பிரித்தறிய, புற்றணு எதனை உண்டு வாழ்கிறது, அதனை அதற்கு மட்டும் மறுக்க இயலுமா என்னும் இரு வினாக்களை நாம் எழுப்பியாக வேண்டும்.

பெருகுவதே புற்றணுவின் இயல்பு. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமாயின், தன்னிடமுள்ள புரதம், கொழுப்பு, மரபுப் பொருள் ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொள்ள வேண்டும். ஆகவே அதன் தேவை மிகுதி. 1920களில் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க், புற்றணுக்கள் குளுக்கோசைப் பேரளவில் உட்கொண்டு, ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதும் அதனை லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டறிந்தார். இன்று நோய் பரவிய இடங்களைக் காட்டும் ‘பெட் ஸ்கேன்’ பெரும்பாலும் இவ்வியல்பையே பயன்படுத்துகிறது. கதிரியக்கக் குறியிட்ட, குளுக்கோசை ஒத்த பொருளொன்று உடலுள் செலுத்தப்படுகிறது. அது மிகுதியாகச் சேருமிடம் படத்தில் ஒளிர்கிறது.

ஆனால் அதே படத்தில் மூளையும் ஒளிர்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. குளுக்கோஸ் மூளைக்கும் வேண்டும். சிவப்பணுக்களோ அதனை மட்டுமே நம்பியுள்ளன. எனவே நாம் உண்ணாவிடினும் உடல் இரத்தத்தில் குளுக்கோஸ் குறையாமல் காத்துக்கொள்கிறது. கல்லீரல் முதலில் தன் சேமிப்பைக் கரைக்கும். பின்னர்த் தசைப் புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு குளுக்கோசை ஆக்கும். கட்டிக்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும். உருகுவது நோயாளியின் தசையே.

அவ்வாறாயின் புற்றணுவின் பசியை ஆயுதமாக்கவே இயலாதா? இயலும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இரு சான்றுகள் உள்ளன.

முதலாவது, ஃபோலிக் அமிலம். கீரைகளில் மிகுந்துள்ள இவ்வைட்டமின் இல்லாமல் மரபுப் பொருள் உருவாகாது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இவ்வகைப் பொருளைக் கொடுத்தபோது நோய் விரைந்து பெருகியதைப் போஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் கவனித்தார். வளர்ப்பதைத் தடுத்தால் நோய் தளருமே என்று எண்ணினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகத சுப்பாராவின் குழுவினர், ஃபோலிக் அமிலத்தின் தோற்றத்தைக் கொண்டு அதன் பணியைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கித் தந்தனர். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, அம்மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது. அத்தணிவு தற்காலிகமானதே, எனினும் மருந்தினால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. இதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் எலும்பு மச்சை, வாய், குடல் ஆகியவற்றின் நல்லணுக்களும் விரைந்து பிரிபவை. அவையும் இம்மருந்தால் துன்புறுகின்றன.

இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்னும் ஆய்வாளர், நிணநீர்க் கட்டி வளர்ந்த சுண்டெலிகளுக்குக் கினிப் பன்றியின் குருதித் தெளிநீரைச் செலுத்தியபோது கட்டிகள் சுருங்கி மறைவதைக் கண்டார். (பெயரில் பன்றி இருப்பினும் அது எலியைப் போன்று கொறித்துண்ணும் சிறு விலங்கே.) குதிரை, முயல் ஆகியவற்றின் தெளிநீருக்கு அவ்வாற்றல் இல்லை. காரணம் 1961இல் ஜான் புரூம் என்பவரால் வெளிப்பட்டது: கினிப் பன்றியின் குருதியில் அஸ்பராஜினேஸ் என்னும் நொதி உள்ளது, அது அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடுகிறது.

நம் உடலின் நல்லணுக்களுள் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய அஸ்பராஜினைத் தாமே ஆக்கிக்கொள்ளும். குழந்தைகளைத் தாக்கும் ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோயின் அணுக்களிடம் அத்திறன் மிகக் குறைவு. இரத்தத்தில் மிதந்து வருவதையே அவை நம்பியுள்ளன. இரத்தத்திலிருந்து அதனை நீக்கிவிட்டால் நல்லணு தாங்கி நிற்கும்; புற்றணு மடியும். பின்னர்ப் பாக்டீரியாவிலிருந்து இந்நொதியைப் பேரளவில் பெற வழி பிறந்தது. 1978இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது. இன்று பிற மருந்துகளோடு சேர்த்து அளிக்கப்படும் இச்சிகிச்சையால், வளர்ந்த நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். ஒவ்வாமை, கணைய அழற்சி, குருதி உறைதலில் கோளாறு ஆகிய இடர்களும் இம்மருந்துக்கு உண்டு. சில புற்றணுக்கள் அஸ்பராஜினை ஆக்கக் கற்றுக்கொண்டு தப்பிவிடுவதும் உண்டு. அதனாலேயே இது தனித்து அளிக்கப்படுவதில்லை.

இவ்வெற்றியின் அடிப்படையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். புற்றணுவுக்கு ஒரு சத்து தேவை என்பது மட்டும் போதவில்லை. அது நல்லணுவுக்கு இல்லாத தேவையாகவும் இருக்க வேண்டியிருந்தது. மேலும், இதனை உணவுக் கட்டுப்பாட்டால் சாதித்திருக்க முடியாது. அஸ்பராஜின் அடங்கிய உணவு முழுவதையும் விலக்கினாலும் உடலே அதனை ஆக்கி இரத்தத்தில் விடும். அதை அகற்ற நொதி தேவைப்பட்டது.

குறிப்பிட்ட சில உணவு முறைகள் சிகிச்சைக்குத் துணைபுரியுமா என்னும் ஆய்வுகள் நடந்து வருகின்றன. மருத்துவத்தின் இடத்தை அவை பெறவில்லை. உடல் மெலிவோ பல புற்றுநோய்களில் தானே வந்து சேரும் கொடிய துணை. எடை குறையக் குறைய மருந்தைத் தாங்கும் வலிமையும் குறைகிறது. ஆகவே நோயாளியின் தட்டிலிருந்து ஒன்றை விலக்குமுன் மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் கேட்டறிவதே முறை. பசியோடிருக்கும் உடல், தன் பசியைப் புற்றணுவோடு பங்கிட்டுக்கொள்வதில்லை. முதலில் தானே இளைக்கிறது.