வாடகை உயர்வுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டா?

“வருஷத்துக்கு அஞ்சு பர்சென்ட்தானே ஏத்தலாம், சட்டம் இருக்கே?” வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலரும் இப்படி நம்புகிறார்கள். சிலர் பத்து என்பார்கள். தமிழ்நாட்டில் தனியார் வீடுகளுக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. ஐந்தும் பத்தும் வெறும் வழக்கம்.

ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘நியாய வாடகை’ என்று ஒன்றை வைத்திருந்தது. சொத்து மதிப்பில் ஆண்டுக்கு வீட்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டம் நியாய வாடகையைக் கைகழுவிவிட்டது. வாடகை எவ்வளவு, எப்போது உயரும், எவ்வளவு உயரும் என்பதையெல்லாம் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திடம் விட்டுவிட்டது.

இதில் குடியிருப்பவருக்குச் சாதகமும் உண்டு. ஒப்பந்த காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, “அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் சேத்துக் குடுங்க” என்று உரிமையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இல்லாதவரை அது வெறும் கோரிக்கைதான். வீட்டை மேம்படுத்தியதற்காக உயர்த்துவதென்றால், வேலை தொடங்கும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் புதிய வாடகை வரும். பழுதுபார்த்த செலவு இந்தக் கணக்கில் சேராது.

உயர்வில் தகராறு என்றால் இரு தரப்பில் எவரும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் ஒழுங்காக இருப்பதில்லை. முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்பது நம் ஊர்ப் பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் பிறந்த பதினோரு மாதம் அது. புதிய சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. பதினோரு மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது. எழுத்து ஒப்பந்தமே செய்துகொள்ளாதது, வீட்டைக் காலி செய்யக் கோர உரிமையாளருக்கு ஒரு காரணமும் ஆகிவிடும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்த உரிமையாளர்களும் வருமான வரிக்குப் பயந்து பதிவைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

கோபத்தில் பலர் செய்யும் தவறு, உயர்வை எதிர்த்து வாடகையையே நிறுத்திவிடுவது. கூடவே கூடாது. இரண்டு மாத நிலுவை, நோட்டீசுக்குப் பிறகும் கட்டாவிட்டால், வெளியேற்றத்துக்கு நேர்வழி. பழைய வாடகையை உரிமையாளர் வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்க்க வேண்டும். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். அதற்கான சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பணிய வைப்பதற்காகத் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் சட்டவிரோதம். வாடகை அதிகாரி உடனே இடைக்கால உத்தரவு போட்டு இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் செய்யலாம்.

காலம் முடிந்த பிறகு கதை வேறு. புதுப்பிக்கும்போது உரிமையாளர் எந்தத் தொகையும் கேட்கலாம், கட்டுப்படியாகாதவர் காலி செய்ய வேண்டியதுதான். இங்கே சட்டம் உரிமையாளர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே சொல்வேன். அதனால் கையெழுத்துப் போடும் நாளிலேயே பேசிவிடுங்கள்: ஆண்டுக்கு எத்தனை சதவீதம், எந்த மாதத்திலிருந்து, புதுப்பித்தால் எவ்வளவு என்பதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பதிவும் செய்யுங்கள்.