சிற்றூர்ப் பள்ளியில் ஐந்து ஆண்டுகள்

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சுங்கை சிப்புட் நகரம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் அந்நகரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று அவற்றுள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டங்கள் மாறினாலும், அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் இத்தகைய சிற்றூர்ப் பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஒன்றாம் படிவத்தில் அடியெடுத்து வைக்கும் அவர்கள், புதிய கட்டடத்தையும் புதிய நண்பர்களையும் மட்டும் சந்திப்பதில்லை. ஒரு புதிய மொழிச் சூழலையும் சந்திக்கின்றனர்.

இடைநிலைப்பள்ளி மாணவரின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நகரிலிருந்து தள்ளி வாழ்பவர்கள் இருள் பிரியும் முன்னரே பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும். தொடக்கப்பள்ளியில் கருநீலக் காற்சட்டை அணிந்த மாணவன் இப்போது பச்சை நிற முழுக்காற்சட்டை அணிகிறான். மாணவியர் வெளிர்நீலச் சீருடை அணிகின்றனர். வாரத் தொடக்கத்தில் சபைகூடல் நடைபெறும். நாட்டுப்பண்ணும் மாநிலப் பண்ணும் பள்ளிப் பண்ணும் ஒலித்த பிறகு, பள்ளி முதல்வர் அறிவுரை வழங்குவார். கட்டொழுங்கு ஆசிரியரின் பார்வை தலைமுடியிலும் நகங்களிலும் காலணியிலும் பதியும். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் மலாய், சீன, இந்திய மாணவர்கள் ஒரே வரிசையில் நின்று நாசி லெமாவும் மீ கோரேங்கும் வாங்கி உண்பர்.

வகுப்பறையில்தான் பெரிய மாற்றம் காத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' என்று கற்றதை இங்கு ஆசிரியர் 'பெச்சாஹான்' என்கிறார். 'பரப்பளவு' என்பது 'லுவாஸ்' ஆகிறது. 'ஒளிச்சேர்க்கை' என்பது 'ஃபோத்தோசிந்தேசிஸ்' ஆகிறது. மாணவருக்குக் கணக்கு தெரியும். ஆனால், கேள்வி புரிவதில்லை. விடை தெரியும், ஆனால், அதைச் சொல்லும் சொல் தெரிவதில்லை. இதனால், ஆறாம் ஆண்டில் முதலில் கையை உயர்த்திய மாணவர்கூட ஒன்றாம் படிவத்தில் வாய்மூடி அமர்ந்திருக்கக்கூடும். இதைப் படிப்பில் ஆர்வமின்மை என்றோ திறமைக்குறைவு என்றோ கருதுவது தவறு. இது மொழி மாறும்போது ஏற்படும் தயக்கமாகும்.

இத்தயக்கத்தைப் போக்கக் கல்வி அமைச்சு ஒரு வழியை வகுத்துள்ளது. தேசிய மொழியில் மேலும் பயிற்சி தேவைப்படும் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் ஒன்றாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில்வர். அவ்வகுப்பில் பயிலாமல் நேரே ஒன்றாம் படிவத்திற்குச் செல்பவரும் சில எளிய வழிகளைக் கையாளலாம். கணிதம், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழிலும் மலாய்மொழியிலும் ஒரு குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதி வைக்கலாம். ஏற்கெனவே தமிழில் புரிந்துகொண்ட கருத்துக்குப் புதிய பெயர் மட்டுமே தேவை என்பதை உணர்ந்தால் பாதிச் சுமை குறையும். தாய்மொழியில் பெற்ற அறிவு வீணாவதில்லை. அது வேறொரு மொழியில் மீண்டும் பயன்படுகிறது.

தமிழ்க்கல்வி தொடக்கப்பள்ளியோடு நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தொழில் வேகமாக வளர்ந்தபோது, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் அழைத்து வரப்பட்டனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு தோன்றிய தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் தொடக்கப்பள்ளிகளாகவே இருந்தன. காலையில் பால்மரக் காட்டுக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளும் பிற்காலத்தில் அதே வேலைக்குத்தான் செல்வார்கள் என்று அன்றைய நிர்வாகம் கருதியது.

அதே காலத்தில் ஈப்போவில் உயர்நிலைக் கல்வி இருக்கவே செய்தது. ஆங்கிலோ சீனப் பள்ளி 1895-லும், ஆண்டர்சன் பள்ளி 1909-லும், செயின்ட் மைக்கேல் பள்ளி 1912-லும் தொடங்கப்பட்டன. ஆனால், அவை ஆங்கிலவழிப் பள்ளிகள். கட்டணமும் தொலைவும் ஆங்கில மொழியும் தோட்டப் பிள்ளைகளுக்கு மூன்று தடைகளாக நின்றன. சுதந்திரத்திற்குப் பிறகே அத்தடைகள் மெல்லத் தளர்ந்தன. 1965 முதல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வின்றி, தொடக்கப்பள்ளி மாணவர் அனைவரும் மூன்றாம் படிவம் வரை பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. தோட்டத்து வீட்டிலிருந்து நகரப் பள்ளிக்குச் செல்லும் பாதை அப்போதுதான் பலருக்குத் திறந்தது.

தமிழ்ப்பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் பல சிறிய பள்ளிகளை வெறுமையாக்கின. சில மூடப்பட்டன; சில ஒன்றிணைக்கப்பட்டன; சில நகர்ப்புறங்களுக்கு மாற்றப்பட்டன. இன்று ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை உருவாகக் காரணமாக இருந்தார். 1954-இல் அதனைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட் ஆவார். இத்தகைய தமிழ்ப்பள்ளிகளில் பயின்று வரும் மாணவர்களே இன்று பேராக்கின் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்புகளை நிரப்புகின்றனர்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது. அப்பாடமும் தானாக அமைந்துவிடுவதில்லை. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருக்கும் சூழலில், தமிழ்மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. பெரிய நகரப் பள்ளிகளில் 15 என்பது சிறிய எண். தமிழ் மாணவர்கள் குறைவாக உள்ள சிற்றூர்ப் பள்ளியிலோ ஒவ்வொரு பெயரும் கணக்கில் வருகிறது. சில பள்ளிகளில் தமிழ் பாட அட்டவணைக்குள்ளேயே இடம்பெறும். வேறு சில பள்ளிகளில் பள்ளி முடிந்த பின்னரோ சனிக்கிழமையிலோ வகுப்பு நடைபெறும். பிற பாடங்களைக் கற்றுக் களைத்த பிறகும், கையில் உணவுப் பொட்டலத்தோடு தமிழ் வகுப்புக்குச் செல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியரோ நேரமோ அமையாத இடங்களில் தனிப்பட்ட வகுப்புகளில் சேர்ந்து தேர்வுக்குத் தயாராவோரும் உண்டு.

பிற்பகலிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகிய புறப்பாட நடவடிக்கைகள் பெரும்பாலும் பாடவேளைக்குப் பின் நடைபெறுகின்றன. பள்ளிப் பேருந்து புறப்பட்டுவிட்டால் தொலைவில் வசிக்கும் மாணவர் வீடு திரும்புவது கடினம். அதனால் சிலர் பங்கேற்காமலேயே சென்றுவிடுகின்றனர். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு ஒதுக்கப்படுகிறது. எனவே, இந்த இழப்பு சிறியதன்று. ஒரே பகுதியைச் சேர்ந்த பெற்றோர் முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும், நடவடிக்கை நாள்களை முன்கூட்டியே தெரிந்து திட்டமிடுவதும் பயன் தரும். தமிழ்மொழிக் கழகம் உள்ள பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, பொங்கல் விழா முதலியவற்றை மாணவர்களே ஏற்று நடத்துகின்றனர். வகுப்பில் பேசத் தயங்கிய மாணவர் அங்கே மேடை ஏறுகிறார். அந்தத் துணிவு அவருக்கு மலாய்மொழி வகுப்பிலும் கைகொடுக்கிறது.

நான்காம் படிவத்தில் முடிவெடுக்க வேண்டிய காலம் வருகிறது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விருப்பப் பாடங்கள். "தமிழில் உயர்ந்த மதிப்பெண் பெறுவது கடினம், அது மொத்தத் தேர்ச்சியைக் குறைத்துவிடும்" என்னும் அச்சத்தால் சிலர் அப்பாடத்தைக் கைவிடுகின்றனர். இந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. உபகாரச் சம்பளத்தையும் மேற்கல்வியையும் எதிர்பார்க்கும் குடும்பத்திற்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியமே. எனினும், நான்காம் படிவத்தில் திடீரெனத் தொடங்காமல், ஒன்றாம் படிவத்திலிருந்தே இலக்கணத்தையும் கட்டுரையையும் சிறிது சிறிதாகப் பயின்று வந்தால் தமிழ் எட்டாக்கனியன்று. மேலும், தமிழாசிரியராக விரும்புவோருக்கு எஸ்.பி.எம். தமிழ்மொழித் தேர்ச்சி இன்றியமையாத முதற்படியாகும். பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் பெறவும் வழியுண்டு.

ஒரு மாணவர் தமிழைத் தேர்ந்தெடுப்பது அவருடைய சான்றிதழில் ஒரு வரியைச் சேர்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பதினான்கு பேர் உள்ள பள்ளியில் அவரே பதினைந்தாவது மாணவராக இருக்கலாம். அவர் சேர்ந்தால் வகுப்புக் கோரும் வலிமை கிடைக்கும். அடுத்த ஆண்டு ஒன்றாம் படிவத்திற்கு வரும் தம்பி தங்கையருக்கும் அது பயன்படும். ஆகவே, ஒன்றாம் படிவத்தில் பதியும்போதே பெற்றோர் தங்கள் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் என்று பள்ளியில் கேட்டுக்கொள்வது நல்லது. தேசிய மொழியில் தேர்ச்சி பெறுவதும் தமிழைத் தொடர்ந்து கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஏற்று உழைக்கும் மாணவர், தம் முன்னோருக்குக் கிட்டாத கல்வியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.