வெளிநாட்டில் கட்டிய பென்ஷன் பணம் ஊர் திரும்புமா? நாடுகள் பேசிக்கொண்டால்தான்!

எச்-1பி விசாவில் அமெரிக்கா போன நண்பர் இருந்தால், அவருடைய பே ஸ்லிப்பை ஒருமுறை கேட்டுப் பாருங்க. 'சோஷியல் செக்யூரிட்டி' என்ற பெயரில் சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடித்திருப்பார்கள். கம்பெனியும் அவர் பெயரில் இன்னொரு 6.2 சதவீதம் கட்டியிருக்கும். எல்லாம் முதுமைக்கால ஓய்வூதியத்துக்காக. ஆனால் அது கிடைக்க 40 கிரெடிட் வேண்டும். வருஷத்துக்கு 4 கிரெடிட்தான் சேர்க்க முடியும், அதாவது குறைந்தது 10 வருஷ வேலை. கிரீன் கார்டு வரிசையில் இல்லாதவருக்கு எச்-1பி கொடுக்கும் காலமோ 6 வருஷம். கணக்கு உதைக்குதா?

6 வருஷத்தில் ஊர் திரும்பினால் கட்டியது கட்டியதுதான், திரும்ப வராது. இதே ஆள் ஜெர்மனிக்குப் போயிருந்தால் கதை வேறு. காரணம், இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவோடு இல்லை.

ஐரோப்பா இதை எப்படிச் சமாளித்தது?

ஒரு நாட்டின் ஓய்வூதியச் சட்டம் அந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். வேலை பார்க்கிறவர் நிற்பதில்லை. இந்தச் சிக்கலை ஐரோப்பிய நாடுகள் 1958-லேயே கையில் எடுத்துவிட்டன. இப்போது நடப்பில் இருப்பது 883/2004 என்ற விதிமுறை, 2010 மே முதல்.

ஒரு உதாரணம். ஸ்பெயினில் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 15 வருஷம் கட்டியிருக்க வேண்டும். ஜெர்மனியில் 5 வருஷம். ஒருவர் ஸ்பெயினில் 12 வருஷம், ஜெர்மனியில் 4 வருஷம் வேலை பார்த்தார் என்று வெச்சுக்கோங்க. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஃபெயில். ஆனால் விதிமுறைப்படி இரு நாடுகளும் மொத்தம் 16 வருஷம் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். இப்போது இரண்டிலும் பாஸ். ஸ்பெயின் 12 வருஷத்துக்கான பங்கைத் தரும், ஜெர்மனி 4 வருஷத்துக்கான பங்கைத் தரும்.

கவனிக்க வேண்டியது, யாரும் தன் சட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பணத்தை ஒரே உண்டியலில் போடவும் இல்லை. ஸ்பெயினில் 15 இன்னும் 15தான். ஒருத்தர் வருஷத்தை இன்னொருத்தர் மதிக்கிறார்கள், அவ்வளவுதான். தென் அமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளும் 1997-ல் இதே மாதிரி ஒரு பலதரப்பு ஒப்பந்தம் போட்டன. அது 2005-ல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியா என்ன செய்கிறது?

ஒவ்வொரு நாடாகப் பேசுகிறது. 2009-ல் பெல்ஜியத்தோடு தொடங்கி ஏறக்குறைய 20 நாடுகளோடு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் கொரியா எல்லாம் அதில் உண்டு.

கம்பெனியே உங்களை ஜெர்மனிக்கு அனுப்பினால், பிஎஃப் அலுவலகத்தில் 'சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ்' வாங்கிக்கொண்டு போகலாம். 48 மாதம் வரை அங்கே கட்ட வேண்டாம், இங்கே கட்டினால் போதும். நீங்களே அங்கே வேலை தேடிப் போனால் அங்கேதான் கட்டணும், ஆனால் வருஷங்கள் கூடும். சென்னையில் 6, ம்யூனிக்கில் 4 என்றால், நம்ம இபிஎஸ் கேட்கும் 10 வருஷம் நிறைந்துவிடும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன் படிவம் 10சி போட்டு இபிஎஸ் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டால், அந்த 6 வருஷம் அழிந்துவிடும். கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. எடுக்காமல், அதே படிவத்தில் 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேட்டால் வருஷங்கள் அப்படியே நிற்கும். இன்னொன்று, 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் முதல்முறை பிஎஃப்பில் சேர்ந்தவருக்கு இபிஎஸ்ஸே கிடையாது. உங்க பாஸ்புக்கை ஒரு தடவை பார்த்துடுங்க.

பிரிட்டனோடு 2025-ல் பேசி முடித்தது இதைவிடச் சின்னது. 3 வருஷம் வரை இரண்டு இடத்தில் கட்ட வேண்டாம் என்பதோடு சரி, வருஷங்களைக் கூட்டும் பேச்சு அதில் இல்லை.

சரி, அமெரிக்கா ஏன் மறுக்கிறது? ஒப்பந்தம் போட வேண்டுமானால், எதிர்தரப்பு நாட்டில் மக்களுக்குப் பரவலாகப் பொருந்தும் ஓய்வூதிய அமைப்பு இருக்கணும் என்கிறது அவர்கள் சட்டம். இந்தியத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பிஎஃப்புக்கு வெளியே இருக்கிறார்கள். இங்கே சித்தாளுக்கு இல்லாத ஓய்வூதியம், அங்கே சாஃப்ட்வேர் இன்ஜினீயரின் பணத்தையும் சேர்த்து முடக்குகிறது. இந்தச் சங்கிலியை நாம் அதிகம் பேசுவதில்லை.

நம்ம அக்கம்பக்கம்?

தெற்காசியா இதில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. சார்க் நாடுகள் 2004-ல் இஸ்லாமாபாத்தில் ஒரு சமூக சாசனத்தில் கையெழுத்திட்டன. வறுமை, கல்வி, சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. ஓய்வூதியத்தை எல்லை தாண்டி எடுத்துப்போகும் ஏற்பாடு எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. 2014-க்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை. நேபாளத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவரை பிஎஃப் சட்டம் இந்தியத் தொழிலாளி போலவே நடத்துகிறது, நல்ல விஷயம். ஆனால் அவர் ஊருக்குத் திரும்பினால் இங்கே உழைத்த வருஷங்கள் அங்கே கணக்கில் ஏறாது.

ஆசியான் நாடுகள் 2022-ல் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டன. கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல, ஒரு தொடக்கம்.

வளைகுடாதான் விசித்திரம். அங்கே ஆறு நாடுகளும் 2006 முதல் ஓய்வூதியத்தில் ஒத்துழைக்கின்றன. குவைத்காரர் துபாயில் வேலை பார்த்தாலும் குவைத் ஓய்வூதியம் தொடரும். ஆனால் அது அந்த ஆறு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ராமநாதபுரத்திலிருந்து போனவருக்கு ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் தருவது பணிக்கொடை. முதல் 5 வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். துபாயில் ஆறு வருஷம் இருந்துவிட்டு கத்தாருக்கு மாறினால், துபாய் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். கத்தாரில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.