கால் மாறிய கூத்தன்

கடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: “எங்கள் கலைவிழாவுக்கு லோகோ வரையச் சொல்லியிருக்கிறார்கள். சிதம்பரம் பக்கத்தில்தானே இருக்கிறது, நடராஜரையே போட்டுவிடலாமா?”

போடலாம். எந்தக் காலைத் தூக்கிய நடராஜர் என்பதுதான் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நடத்திய நாட்டிய நிகழ்ச்சிக்கு பேனர் வேலை என் பொறுப்பு. எழுத்துக்கு இடம் போதவில்லை என்று அச்சகத்துப் பையன் கோரல் டிராவில் ‘மிரர்’ தட்டினான், நானும் தலையாட்டினேன். பேனர் ஏறியதும் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாள் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: “என்னப்பா, சாமி மதுரைக்குப் போயிட்டாரா?” சிதம்பரத்தில் முயலகன்மேல் ஊன்றுவது வலக்கால், தூக்குவது இடக்கால். வலக்காலைத் தூக்கி ஆடுவது மதுரை வெள்ளியம்பலத்தில். போதாக்குறைக்கு உடுக்கையும் தீயும் கை மாறியிருந்தன. தூக்கிய திருவடியை நினைத்துப் பிள்ளைக்குக் குஞ்சிதபாதம் என்று பெயர் வைக்கிற ஊரில் நான் செய்த காரியம் அது.

லோகோ வெறும் முத்திரைதான். விழாவுக்கு வேண்டியது ஒரு குடும்பச் சாயல். அழைப்பிதழ், மேடைத் திரை, கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி வரை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்கு வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஹர் இதைச் செய்து காட்டினார். படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு. இந்தக் கோடுகளைக் கொண்டே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு மனித உருவம்.

அதைப் பார்த்து வியப்பவர்கள் சிதம்பரம் கிழக்குக் கோபுர வாசலில் அண்ணாந்து பார்ப்பதில்லை. உள்வழியின் இருபுறமும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டங்களில் நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்கள். கட்டத்துக்கு ஒரு நடனப் பெண், ஓர் அசைவு, கூடவே அதற்குரிய சுலோகம் கிரந்த எழுத்தில். முதல் கரணமான தலபுஷ்பபுடத்தில் இரு கையும் சேர்ந்து பூ ஏந்தியதுபோல் மார்பின் இடப்பக்கம் நிற்கும். கற்களிலும் எழுத்திலும் நூற்றாண்டுகளாக நிற்கும் அடையாளத் தொகுப்பு இது. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்களோடு உளி நின்றுவிட்டது. மீதிக் கற்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.

1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர் சிதம்பரம். இங்கே நடனம் என்றதும் இணையத்தில் இறக்கிய அதே நடராஜர், அதே தீவட்டம், ஆறு வண்ணத்தில் ஃபிளெக்ஸ். விழா முடிந்த மறுவாரம் அந்த ஃபிளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை. சாமி படத்தின்மேல் சாணி தெறிப்பதைப் பார்த்திருக்கிறேன். துணியில் அச்சடித்தால் செலவு கொஞ்சம் கூடும்தான். அடுத்த ஆண்டும் கட்டலாம்.

ஆகவே அம்மா, கணினியை மூடிவையுங்கள். காலை வெயில் கிழக்கு வாசலுக்குள் விழும் நேரத்தில் நோட்டும் பென்சிலுமாகப் போங்கள். பிடித்த நாலு கரணங்களின் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் கை எது, கால் எது என்று தெரிகிறதா பாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் பூக்கட்டும் ஒரு அம்மாளிடம் காட்டிவிடுங்கள்.