முகாம் கூடாரம்: தேர்வும் பயன்பாடும்

முகாம் கூடாரம் என்பது மலையேற்றம், பயணம், களப்பணி போன்றவற்றின்போது வெட்டவெளியில் இரவு தங்குவதற்காகத் துணி, கழி, கயிறு ஆகியவற்றைக் கொண்டு அமைக்கப்படும் தற்காலிக உறைவிடம் ஆகும். இன்று இணைய அங்காடிகளிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இருவர் தங்கும் கூடாரங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று விடியும்வரை மழையைத் தாங்கும். மற்றொன்று அரை மணி நேரத்தில் ஒழுகத் தொடங்கும்.

இந்த வேறுபாடு பெரும்பாலும் முதல் பார்வைக்குத் தெரியாத மூன்று இடங்களில் இருக்கிறது: தையல், தரைத்துணி, கழி. விலை குறைவாக இருப்பது குறையல்ல. எதை விட்டுக்கொடுத்து அந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதையே பார்க்க வேண்டும். நிறத்தையோ, பைகளின் எண்ணிக்கையையோ விட்டுக்கொடுத்திருந்தால் நட்டமில்லை. தையலில் கைவைத்திருந்தால் நனைந்த உடையோடும் நனைந்த படுக்கையோடும் இரவைக் கழிக்க நேரும். காற்றும் சேர்ந்துகொண்டால், உறைநிலைக்குப் பல பாகை மேலே இருக்கும் குளிரிலேயே நனைந்த உடல் ஆபத்தான அளவுக்கு வெப்பத்தை இழக்கக்கூடும்.

எங்கே, எந்தப் பருவத்தில்?

விற்பனைக் குறிப்புகளில் 'மூன்று பருவக் கூடாரம்', 'நான்கு பருவக் கூடாரம்' என்ற பிரிவுகளைக் காணலாம். இவை குளிர்காலத்தில் பனி பொழியும் நாடுகளின் வழக்கு. நான்காவது பருவம் என்பது பனிக்காலம். பனியின் பாரத்தையும் கடுங்காற்றையும் தாங்குவதற்காக இவ்வகைக் கூடாரங்களில் கழிகள் அதிகம், வலைப்பகுதி குறைவு. விலையும் எடையும் கூடுதல். இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் பனிக்காலத்தில் தங்குவோருக்கு இது தேவை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு போன்ற தென்னிந்திய மலைகளில் இது வீண்செலவு மட்டுமல்ல, உள்ளே புழுக்கத்தையும் தரும்.

தென்னிந்திய மலைகளில் கூடாரத்துக்கு வரும் சோதனை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தமிழகத்தின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதன்பின் வரும் வறண்ட மாதங்களில்தான் பலரும் மலைக்குக் கிளம்புகிறார்கள். அப்போது மழை குறைவு. ஆனால் இரவில் பனி கொட்டும். உதகையில் ஜனவரி மாதத்தில் உறைபனியே படிவதுண்டு. ஆகவே இங்கு வாங்கப்படும் கூடாரம் திடீர் மழையைத் தாங்க வேண்டும், உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடவும் வேண்டும். பலர் முதலாவதை மட்டும் விசாரித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு அடுக்கு

நல்ல கூடாரம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்குகள் கொண்டது. உள்ளே இருப்பது வலைத்துணியும் காற்று புகும் துணியும் கொண்ட உட்கூடாரம். அதன்மேல் சற்று இடைவெளி விட்டு நீர் புகாத மேல்விரிப்பு போர்த்தப்படும். உறங்குவோரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் இரவு முழுவதும் நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அது வலை வழியாக மேலேறி, குளிர்ந்த மேல்விரிப்பின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, ஓரமாக வழிந்துவிடும். ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் அதே துளிகள் படுத்திருப்பவர் முகத்தில் விழும். "மழையே பெய்யவில்லை, கூடாரம் மட்டும் எப்படி ஒழுகியது?" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

மேல்விரிப்பு கூடாரத்தின் உச்சியை மட்டும் தொப்பிபோல் மூடுகிறதா, தரைக்கு அருகில்வரை இறங்குகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மலிவான பல கூடாரங்களில் அது தொப்பி அளவே இருக்கும். காற்றில்லாத தூறலுக்கு அது போதும்; மலையில் மழை பக்கவாட்டில்தான் அடிக்கும்.

துணியும் நீர்த்தடுப்பு எண்ணும்

கூடாரத் துணிகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான். ஒரே எடையில் நைலான் வலிமை மிக்கது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சித் தளரும். இரவில் இறுக்கிக் கட்டிய விரிப்பு விடியற்காலையில் தொய்ந்து உட்கூடாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தளராது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும், விலையும் குறைவு. எடையைக் கிராம் கணக்கில் குறைக்க வேண்டிய நெடும்பயணி அல்லாதவருக்குப் பாலியெஸ்டரே பொருத்தம்.

துணியின் நீர்த்தடுப்புத் திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்படும். துணியை இறுகப் பிடித்து அதன்மேல் நீரழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, எவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தில் நீர் கசியத் தொடங்குகிறது என்று அளக்கிறார்கள். 1500 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர் உயர நீரின் அழுத்தம். மேல்விரிப்புக்கு இது போதுமான தொடக்க அளவு. 2000 மி.மீ. இருந்தால் பருவமழையின் ஓரத்தில் பயணம் செய்பவர்களுக்குக் கூடுதல் நிம்மதி.

தரைத்துணிக்கு இந்த அளவு போதாது. ஈரத் தரையின்மேல் ஒருவர் முழங்காலிடும்போது ஏறத்தாழ 30 கிலோ எடை 50 சதுர செ.மீ. பரப்பில் அழுந்துவதாகக் கொள்ளலாம். அதாவது சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ, இது ஆறு மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். படுத்திருக்கும்போது எடை பரவிவிடுவதால் அழுத்தம் இதில் சிறு பங்குதான். எனவே தரைத்துணியின் எண் மேல்விரிப்பின் எண்ணைவிடக் கணிசமாக உயர்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கூடாரத்துக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு, கல்லும் முள்ளும் தரைத்துணியைக் கிழிக்காது. தார்ப்பாய் கூடாரத்தின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் மழைநீரைப் பிடித்து அடியில் தேக்கிவிடும். ஓரங்களை உள்ளே மடித்துவிட வேண்டும்.

தையல்

நீர்த்தடுப்பு எண் துணிக்கு உரியது. ஊசி போன ஒவ்வொரு இடமும் அந்தத் துணியில் ஒரு துளை என்பதை அந்த எண் சொல்வதில்லை. 3000 மி.மீ. என்று அட்டையில் அச்சிட்ட கூடாரமும் தையல் வழியாக ஒழுகலாம்.

தரமான கூடாரத்தில் தையலின் உட்புறம் முழுவதும் ஒளி ஊடுருவும் மெல்லிய நாடா சூடாக்கி ஒட்டப்பட்டிருக்கும். மேல்விரிப்பைத் திருப்பிப் பார்த்தால் அது பளபளப்பான பட்டையாகத் தெரியும். விரலால் தடவினால் தூக்கிக்கொண்டிருக்கும் இடங்கள் அகப்படும். கடையில் வாங்குபவர் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். இணையத்தில் வாங்குபவர், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ கூடாரத்தை நிறுத்தி, தோட்டக் குழாயால் 15 நிமிடம் நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். தரையில் முளை அடிக்க முடியாவிட்டால் மூலைகளைச் செங்கல்லில் கட்டிக்கொள்ளலாம். சிறு கசிவு மட்டும் இருந்தால் தையல் அடைப்புப் பசை பூசிச் சரிசெய்யலாம். நாடாவே இல்லாத கூடாரத்தைத் திருப்பி அனுப்புவதே மேல்.

கழி

மலிவான கூடாரங்களில் ஃபைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடியிழைக் கழிகளும், விலை கூடியவற்றில் அலுமினியக் கலவைக் கழிகளும் இருக்கும. இரண்டும் சிறு துண்டுகளாக, உள்ளே ஓடும் மீள்கயிற்றால் கோக்கப்பட்டவை. அலுமினியம் எடை குறைந்தது. மிகையாக வளைத்தால் கோணிக்கொள்ளும், ஆனால் பெரும்பாலும் அன்றிரவை ஓட்டிவிடலாம். கண்ணாடியிழை அப்படியல்ல. இணைப்புக் குழாயின் வாயருகே நெடுக்காகப் பிளந்து, சிராய்களாக உடையும். அந்தச் சிராய் துணியையும் கிழிக்கும், கையிலும் ஏறும்.

அதற்காகக் கண்ணாடியிழையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, காற்றடங்கிய இடத்தில் தங்குபவருக்கு அது பல ஆண்டுகள் உழைக்கும். உடைந்த இடத்தின்மேல் மாட்டக்கூடிய ஒரு சாண் நீள உலோகக் குழாயும் வலுவான ஒட்டுநாடாவும் பையில் இருந்தால் போதும். கழி உடைவதற்கு முக்கியக் காரணம் காற்றைவிட அவசரம்தான். ஒரு துண்டு மற்றொன்றுக்குள் முழுவதும் இறங்காத நிலையில் வளைப்பார்கள். அல்லது கழற்றும்போது தள்ளாமல் இழுப்பார்கள். கழியைக் கழற்றுவதற்குத் துணியுறையிலிருந்து தள்ளி வெளியேற்றுவதே முறை.

எளிதாக நிறுத்துதல்

முக்கோண வடிவக் கூடாரத்தை நிறுத்த முளைகளும் கயிறுகளும் சரியாக இருந்தாக வேண்டும். வளையும் கழிகள் குறுக்காகச் செல்லும் குவிமாடக் கூடாரம் முளை இல்லாமலே தானாக நிற்கும். நிறுத்திய பின்பும் தூக்கி இடம் மாற்றலாம். 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம், பல கழிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் புவிக்கோளக் குவிமாட வடிவத்தை மலையேற்றக் கூடாரத்தில் கொண்டுவந்தது. 2005இல் பிரான்சின் டெகத்லான் நிறுவனம் வீசி எறிந்தால் விரிந்துகொள்ளும் '2 செகண்ட்ஸ்' கூடாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தானாக விரியும் கூடாரங்களின் கவர்ச்சி விரிப்பதில் இருக்கிறது, சிக்கல் மடிப்பதில். சுருள் வளையத்தை எட்டு வடிவில் முறுக்கி மடிக்கும் வித்தை கைக்கு வரும்வரை அது ஒரு மல்யுத்தம். மடித்தபின்பும் அகன்ற தட்டுபோல் இருப்பதால் முதுகுப்பையில் அடங்காது. காரில் சென்று தங்குபவருக்குச் சரி. நடந்து செல்பவருக்கு உதவாது. நடப்பவர்களுக்கு இரண்டு கழி கொண்ட குவிமாடக் கூடாரமே விலைக்கும் எளிமைக்கும் நடுவில் நிற்கிறது. பழகியவர் ஒருவர் பத்து நிமிடத்துக்குள் நிறுத்திவிடலாம்.

பழகியவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல்முறை பிரிப்பது மலை உச்சியில், இருட்டில், மழையில் என்று ஆகிவிடக் கூடாது. பெரும்பாலான கூடாரங்களில் உட்கூடாரத்தை முதலில் நிறுத்திப் பின் மேல்விரிப்பைப் போர்த்த வேண்டும். மழையில் அந்த இடைவெளியிலேயே உள்பகுதி நனைந்துவிடும். வீட்டில் இரண்டு முறை நிறுத்திப் பழகினால் இந்த இடைவெளி ஓரிரு நிமிடமாகச் சுருங்கும்.

முளையைக் கூடாரத்துக்கு வெளிப்புறமாகத் தலை சாய்ந்திருக்குமாறு அடிக்க வேண்டும். இழுகயிறுகளைப் பலர் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். தானாக நிற்கும் கூடாரம் காற்றில் தானாகப் பறக்கவும் செய்யும்.

எத்தனை பேர்?

'இருவர்' என்ற அளவு, இரண்டு படுக்கைகளை நெருக்கமாகப் போட இடம் உண்டு என்பதை மட்டுமே குறிக்கும். பைகளுக்கு அதில் இடமில்லை. இருவர் பைகளோடு தங்க மூவர் அளவு வேண்டும். அதற்குமேல் பெரிதாக வாங்குவதில் பயனில்லை. காற்றையும் அதிகம் வாங்கும்.

உயிருக்கு ஆபத்தானவை

கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பதும், கதகதப்புக்காகக் கரித்தணலை உள்ளே வைப்பதும் உயிரைப் பறிக்கும். அணைந்ததுபோல் சாம்பல் பூத்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளியேறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது பிணைகிறது. உறக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே இறந்துவிடலாம். நீர் புகாத துணி காற்றையும் எளிதில் விடாது என்பதால், எவ்வளவு நல்ல கூடாரமோ அவ்வளவு ஆபத்து.

வறண்ட ஓடைப் படுகை சமமாக, மணலாக, படுக்க வசதியாகத் தோன்றும். மேலே எங்கோ பெய்யும் மழை இரவில் அங்கேதான் இறங்கி வரும். காய்ந்த கிளைகள் தொங்கும் மரத்தடியும் வேண்டாம்.

காட்டுப் பகுதியில் எந்தத் துணியும் சுவராகாது. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மேப்பாடி அருகே, கூடார முகாமில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணி ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். பழம், உப்பு, சமைத்த உணவு எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தபின், தமிழகத்தில் வனப்பகுதி மலையேற்றம் விதிமுறைகளுக்கு உட்படுத்தப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் கூடாரம் அடிப்பது சட்டப்படியும் குற்றம்.

பராமரிப்பு

கூடாரத்தின் ஆயுளைக் குறைப்பவை ஈரமும் வெயிலும். நீர்த்தடுப்புக்காகப் பூசப்படும் பாலியூரித்தேன், ஈரத்தோடு மடித்து வைத்தால் நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும். ஒரு புளித்த வாடையும் வரும். அந்த நிலைக்கு வந்த துணியை மீட்பது கடினம். சென்னை போன்ற கடலோர ஊர்களின் காற்றில் இது விரைவாகவே நடக்கும். வீடு திரும்பிய அன்றே கூடாரத்தைப் பிரித்து மின்விசிறிக் காற்றிலோ நிழலிலோ உலர்த்தி, இறுக்கமாகச் சுருட்டாமல் தளர்வான பருத்திப் பையில் வைக்கலாம். சோப்புத்தூளும் சலவை இயந்திரமும் பூச்சை உரித்துவிடும். வெறும் நீரும் பஞ்சும் போதும். ஜிப்பில் மணல் சேர்ந்தால் பழைய பல்துலக்கியால் துடைத்துவிட வேண்டும். மலிவுக் கூடாரங்களில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஜிப்தான், அதைத் தைத்துக் கொடுக்கப் பைகள் பழுதுபார்க்கும் தெருக்கடையே போதுமானது.