ஹெயிட்டிக்குக் கொடுத்த உதவி எங்கே போனது?



சென்ற மாதம் வானொலியில் ஹெயிட்டியைப் பற்றி நான் பேசியபோது, தொலைபேசியில் வந்த ஒரு நேயர் இப்படிக் கேட்டார்: "உலகம் முழுக்க அந்த நாட்டுக்குக் காசை அள்ளிக் குடுத்திருக்கு. பிறகும் ஏன் அவங்கள் அப்படியே இருக்கிறாங்கள்? அந்தச் சனத்திலதானே பிழை?" நேரம் முடிந்துகொண்டிருந்ததால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே மொன்றியலில் எங்களில் பலர் ஹெயிட்டி மக்களோடு ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். ஆகவே அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் கொடுத்தது யார்?

ஹெயிட்டி கரிபியன் கடலில் கியூபாவுக்குக் கிழக்கே உள்ள நாடு. பிரான்ஸ் ஆண்ட காலத்தில் அதன் பெயர் சான் டொமிங். அங்கு விளைந்த சீனியாலும் கோப்பியாலும் பிரான்சின் மிகவும் இலாபகரமான குடியேற்ற நாடாக அது இருந்தது. அந்த இலாபத்தை உழைத்துக் கொடுத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட சுமார் 5 இலட்சம் அடிமைகள். அவர்கள் 1791இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1ஆம் திகதி சுதந்திரத்தை அறிவித்தார்கள்.

பிரான்ஸ் இதை மறக்கவில்லை. 1825இல் பத்தாம் சார்ள்ஸ் மன்னர் போர்க்கப்பல்களோடு ஒரு கட்டளையை அனுப்பினார். சுதந்திர நாடாக அங்கீகரிப்பதானால், சொத்துகளை இழந்த பழைய தோட்ட முதலாளிகளுக்கு 150 மில்லியன் பிராங் நட்டஈடு கட்ட வேண்டும் என்பதே அது. அடிமையாக இருந்தவன் தன்னை அடிமையாக வைத்திருந்தவனுக்கு நட்டஈடு கட்டினான்! முதல் தவணைக்கே காசு இல்லாமல் ஹெயிட்டி பிரெஞ்சு வங்கிகளிடம் 30 மில்லியன் கடன் வாங்கியது. கழிவுகள் போகக் கையில் வந்தது 24 மில்லியன்தான். 1838இல் நட்டஈட்டுத் தொகை மொத்தம் 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கடனை அடைக்கக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன் என்று அந்தச் சுமை 1947வரை தொடர்ந்தது.

1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் ஹெயிட்டியின் தேசிய வங்கியிலிருந்த 5 இலட்சம் டொலர் பெறுமதியான தங்கத்தை நியூயோர்க்குக்கு எடுத்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கா நாட்டையே கைப்பற்றி 1934வரை வைத்திருந்தது.

நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2022இல் பழைய கணக்குகளைத் தேடி எடுத்து, நட்டஈடாகவும் அதற்கான கடனாகவும் ஹெயிட்டி கட்டியது இன்றைய பெறுமதியில் சுமார் 560 மில்லியன் டொலர் என்று கணக்கிட்டது. அந்தப் பணம் நாட்டிலேயே தங்கியிருந்தால் காலப்போக்கில் குறைந்தது 21 பில்லியன் டொலராவது பெருகியிருக்கும் என்றும் எழுதியது. பாடசாலை, பாதை, ஆஸ்பத்திரி கட்ட வேண்டிய காசு அது.

2010க்குப் பிறகு

2010 ஜனவரி 12ஆம் திகதி பெரும் நிலநடுக்கம். தலைநகர் போட்-ஓ-பிரின்ஸ் இடிந்து விழுந்தது. உலகமே உதவ ஓடியது. மனமிரங்கிக் கொடுத்த சாதாரண மக்களை நான் குறை சொல்லவில்லை. கொடுத்த காசு போன வழியைத்தான் பார்க்க வேண்டும்.

ஐ.நா.வின் ஹெயிட்டிக்கான விசேட தூதுவர் அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி, அவசர நிவாரணத்துக்காக அரசுகளும் நிறுவனங்களும் ஒதுக்கிய சுமார் 2.4 பில்லியன் டொலரில் ஹெயிட்டி அரசுக்குக் கிடைத்தது 1 சதவீதம். 34 சதவீதம் உதவி கொடுத்த நாடுகளின் சொந்தத் திணைக்களங்களுக்கும் படைகளுக்குமே திரும்பிப் போனது. மீதியில் பெரும்பகுதி ஐ.நா. அமைப்புகள், வெளிநாட்டு அரசசார்பற்ற நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர்கள் கையில்.

"அந்த அரசாங்கம் ஊழல் அரசாங்கம், அதனால்தான் கொடுக்கவில்லை" என்பார்கள். ஊழல் இருந்தது உண்மை. 1957 முதல் 1986வரை டுவாலியே குடும்பம் நாட்டைச் சுரண்டியது. அவர்களுக்கும் அந்தக் காலத்தில் வெளிநாட்டு உதவி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். காசு முழுவதும் அரசுக்கு வெளியே போனால், சுகாதாரத் திணைக்களம் ஒரு தாதிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அந்தத் தாதி கூடுதல் சம்பளத்துக்கு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போவாள். மூன்று வருடத்தில் நிறுவனம் திட்டத்தை முடித்துக்கொண்டு புறப்படும்போது, அரச ஆஸ்பத்திரியும் இருக்காது, நிறுவனமும் இருக்காது.

அந்த நாட்களில் உதவி நிறுவனங்களின் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐ.நா. தளத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. ஹெயிட்டி மக்களின் மொழி கிரியோல். உள்ளே போக அனுமதி அட்டை வேறு வேண்டும். தங்கள் நாட்டைப் பற்றிய கூட்டத்துக்குத் தாங்களே போக முடியாமல் உள்ளூர் அமைப்புகள் வெளியே நின்றன. தன் அலுவலைத் தனக்கு விளங்காத மொழியில் வேறொருவர் தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்று தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மக்களுக்குத் தங்கள் காரியத்தைப் பார்க்கத் தெரியாது, நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்பது காலனித்துவ அதிகாரியின் நினைப்பு. அதிகாரி போய்விட்டார், அந்த நினைப்பு அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

அரிசியும் ஆற்று நீரும்

ஹெயிட்டி ஒரு காலத்தில் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. 1990களில் வெளியாரின் வற்புறுத்தலால் இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரச மானியம் பெற்ற அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயி வயலை விட்டு நகரத்துச் சேரிக்குப் போனான். 2010 மார்ச்சில் முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டன், இந்தக் கொள்கை தனது மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு உதவியிருக்கலாம், ஆனால் ஹெயிட்டிக்கு அது தவறு என்று செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு ஒக்ரோபரில் கொலரா பரவியது. ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து கழிவு நீர் ஆற்றில் கலந்ததே காரணம். சுமார் 10,000 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கை, ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. ஐ.நா. செயலாளர் நாயகம் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. அறிவித்த 400 மில்லியன் டொலர் நிதியில் சிறு பகுதியே சேர்ந்தது.

எங்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 2007இல் ஹெயிட்டியிலிருந்த இலங்கை அமைதிப்படையினரில் 100க்கு மேற்பட்டோர், சிறுவர் சிறுமியர் உட்பட உள்ளூர் மக்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டனர். உதவ வந்தவனிடம் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் இப்படியும் நடக்கும்.

பிள்ளைகள் தொண்டு செய்யப் போகிறார்கள்

நேயர்கள் பலர் கேட்கும் மற்றொரு கேள்வி: "மகள் விடுமுறையில் அநாதை இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போக விரும்புகிறாள், அனுப்பலாமா?" மகளின் மனம் நல்லது. ஆனால் ஹெயிட்டியின் அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வறுமையால் விட்டுச் சென்ற பிள்ளைகள். வெளிநாட்டுத் தொண்டரும் காசும் வர வர இல்லங்களும் பெருகின, இல்லத்தை நிரப்பப் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். அந்தக் காசைத் தாயிடம் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும்.

வேறு வழியே இல்லையா? உண்டு. 1998இல் ஒரு புயலுக்குப் பிறகு கியூபா வைத்தியர்கள் ஹெயிட்டியின் கிராமங்களுக்குப் போனார்கள். புயல் முடிந்தும் தங்கினார்கள். ஹெயிட்டி மாணவர்களுக்குக் கியூபாவில் இலவசமாக வைத்தியம் படிப்பித்தார்கள். 2010இல் நிலம் நடுங்கியபோது அந்த வைத்தியர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், கிரியோல் பேசினார்கள். கியூபா அரசு தன் வைத்தியர்களை நடத்தும் விதத்தில் குறைகள் சொல்லப்படுகின்றன, அது வேறு விடயம். ஆனால் உள்ளூர்ப் பிள்ளையை வைத்தியராக்குவது எந்தத் திட்டம் முடிந்த பிறகும் நிற்கும் உதவி.

கொடுப்பதற்கு முன்

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரங்களில், கடலுக்குப் போகாதவருக்கு வள்ளமும் வெயிலூருக்குக் கம்பளிச் சட்டையும் வந்த கதைகள் உங்களுக்குத் தெரியும். இன்று நாங்கள் இங்கிருந்து ஊருக்குக் காசு அனுப்புகிறோம். அங்கே நாங்கள்தான் இப்போது வெளிநாட்டுக்காரர். ஆகவே யாருக்குக் கொடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது வேண்டும் என்று கேட்டது யார்? காசை யார் கையாளுகிறார்? கணக்கை அந்த ஊர் மக்கள் தங்கள் மொழியில் பார்க்க முடியுமா? நாங்கள் விட்டுவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்?

2003இல் ஹெயிட்டி அதிபர் அரிஸ்டீட் பழைய நட்டஈட்டைத் திருப்பித் தருமாறு பிரான்சிடம் கேட்டார். பிரான்ஸ் மறுத்தது. அடுத்த ஆண்டே அவர் பதவி இழந்தார். 2025 ஏப்ரலில், அந்தக் கட்டளைக்கு 200 ஆண்டு நிறைந்த நாளில், இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர் குழு ஒன்றைப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அவர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஆகவே தொலைபேசியில் வந்த நேயருக்கு என் பதில்: "அந்தச் சனங்களுக்கு எவ்வளவு கொடுத்தோம்" என்று கேட்கும்போது, "அவர்களிடமிருந்து எவ்வளவு எடுத்தார்கள்" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் கருத்துகளை நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் பேசுவோம்.