நீதிமன்ற ஏலத்தில் லாண்ட்மாஸ்டர் வாங்கலாமா?

காலபோகம் நெருங்கும்போது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரத்தை விட்டுவந்த குடும்பங்கள் இன்று ஒவ்வோர் உழவுக்கும் கூலி கொடுக்கின்றன. புதியது வாங்கப் பணமில்லை. லீசிங்கில் எடுத்தால், விளைச்சல் பிழைத்தாலும் தவணை நிற்காது. இந்நிலையில், பொலிசில் பிடிபட்டவை மலிவாக ஏலம் போகின்றன என்ற செய்தி காதில் விழுகிறது. செய்தி பொய்யல்ல. ஆனால் நகையை அடகு வைக்குமுன் சில விடயங்களை அறிந்திருத்தல் நல்லது.

பொலிஸ் நிலைய வளவில் துருப்பிடித்து நிற்கும் வாகனங்களைப் பொலிசார் தாமாக விற்க முடியாது. அவை வழக்குச் சான்றுப் பொருட்கள். அனுமதிப்பத்திரமின்றி மணலோ மரமோ ஏற்றியவை சில; களவுபோய் மீட்கப்பட்டவை சில; யார் விட்டுச் சென்றாரென்றே தெரியாதவை சில. விற்பதற்குக் கட்டளையிடுபவர் நீதவான். ஆகையால், "நான் பொலிசில் கதைத்து எடுத்துத் தருகிறேன்" என்று எவராவது முற்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஏல அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும்; நீதிமன்றத்திலும் கேட்டறியலாம். வாங்குவோருக்கு மட்டுமே அது தேவையென்று பலர் எண்ணுகின்றனர். பொருளுக்கு உரிமை கோருவோர் ஏலம் தொடங்குமுன் தமது கோரிக்கையை முன்வைக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கும். எம்மவர்கள் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வரியைத்தான். உரிமையாளர் தெரியாத பொருளாயின், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, உரிமை கோருவோர் 6 மாதத்துக்குள் வரவேண்டுமெனப் பகிரங்க அறிவித்தல் கொடுக்கப்படும். எவரும் வராவிட்டாலே அது விற்பனைக்கு வரும்.

நாம் ஒரு குடும்பத்துடன் ஏலமொன்றுக்குப் போயிருந்தோம். அங்கே நின்ற மோட்டார் சைக்கிளொன்றைத் தன் மகனுடையதென அடையாளம் கண்டார் ஒரு தாய். புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. பழைய காப்புறுதித் துண்டு மட்டும் கையில் இருந்தது. ஏலம் தொடங்குமுன் பதிவாளரிடம் சொன்னபடியால் அது அன்று விற்கப்படவில்லை. விற்று முடிந்தபின் சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் பாடு வேறு. ஆகவே பழைய வரிப்பத்திரம், லீசிங் பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எதையும் எறிந்துவிடாதீர்கள்.

வாங்கப் போவோர் பதிவாளரின் அனுமதியுடன் பொருட்களைப் பார்க்கலாம். வழமையாக ஏலத்துக்கு முந்திய அரை மணித்தியாலந்தான் கிடைக்கும். அதற்குள் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இயக்கிப் பார்க்க முடியுமென்று எதிர்பார்க்க வேண்டாம். எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்க்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. கைபிடியால் சுற்றவிட்டால், சுற்றும்போது எஞ்சின் எதிர்த்துத் தள்ள வேண்டும். இலகுவாகச் சுழன்றால் உள்ளே தேய்ந்துவிட்டது; அசையவே மறுத்தால் இறுகிவிட்டது. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் டயர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கழற்றிப் போன சாமான்கள் எவை என்றும் பாருங்கள். டீசல் பம்ப் இல்லாத எஞ்சின் மலிவாகத்தான் போகும்!

இதைவிட முக்கியம் இலக்கங்கள். எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் அழிக்கப்படாமல் இருக்கின்றனவா? ஏலப் பட்டியலுடன் ஒத்துப்போகின்றனவா? எழுதி எடுங்கள். சில வாகனங்கள் உதிரிப்பாகங்களுக்காக மட்டும் விற்கப்படும். அவற்றைத் திருத்தி வீதியில் ஓடலாமென்று வாங்கி, அடுத்த சந்தியிலேயே பிடிபட்டு, அதே பொலிஸ் வளவுக்குத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பதிவு இலக்கம் இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதன் விபரத்தை முன்கூட்டியே எடுக்கலாம். யார் பெயரில் இருக்கிறது, நிதிக் கம்பனிக்கு ஈடாக இருக்கிறதா என்பது அதில் தெரியும்.

ஏலத்துக்குத் தேசிய அடையாள அட்டையும் காசும் கொண்டுபோக வேண்டும். காசோலை ஏற்கமாட்டார்கள். நீதிமன்றம் நிர்ணயித்த விலைக்கு எவரும் கேட்காவிட்டால் பொருளை விலக்கிக்கொள்வார்கள். பழைய இரும்பு வியாபாரிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். அவர்களுடன் போட்டி போட்டுக் கேட்கும்போது கை தானாக உயரும். வீட்டிலேயே கணவனும் மனைவியும் இருந்து, திருத்தச் செலவையும் சேர்த்து, உச்ச விலையை எழுதிக்கொண்டு போங்கள்.

எடுத்த பொருளை அன்றே அகற்ற வேண்டும் என்பதால் ஏற்றுவதற்குப் பெட்டியுடன் ஒரு உழவு இயந்திரத்தை ஒழுங்கு செய்யுங்கள். புறப்படுமுன் பற்றுச்சீட்டையும், வழக்கு இலக்கம், எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம் குறித்த நீதிமன்றக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். ஓர் எழுத்துப் பிழையிருந்தாலும் அங்கேயே திருத்துவியுங்கள். பெயர் மாற்றத்துக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் கடிதமே.